தேவர்குளத்துக்கு இந்தப் பக்கம்

பருத்திக் கமிஷன் கடைக்கு வந்தது அந்தப் போன். கடைக் கணக்கப்பிள்ளை தில்லைநாயகம் செருப்புகூடப் போடாமல் வெள்ளத்துரை வீட்டுக்கு ஓடிவந்தார்.

"ஒன் மச்சான் ஆறுமுகச்சாமி திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலருந்து பேசுனான்டே. பிள்ள பொறந்துட்டு. ஆனா ஒன் தங்கச்சி கோமதித்தாய்க்கு ரத்தப்போக்கு நிக்கல. அவன் ரத்தம் சேரலியாம். அங்க இருப்பும் இல்லியாம். சாயங்காலத்துக்குள்ள ரெண்டு மூணு பேர் வந்து, ஒருத்தர் ரத்தமாவது சேந்தாத்தான் உண்டுன்னு டாக்டர் சொல்லுதாராம்."

அன்றைக்குப் பார்த்துப் பந்த். பஸ், லாரி, ரயில் எதுவும் கிடையாது. சங்கரன்கோவில் கடைத்தெருவே அடைத்துக் கிடந்தது. சித்திரை வெயில் காலையிலேயே கண்ணைக் கூசவைத்தது. சைக்கிளை விட்டால் வழியில்லை.

வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த ஆதம், கேட்ட மாத்திரத்தில் நல்ல வண்டிகளாக மூன்றை எடுத்து வெளியே நிறுத்திவிட்டு, தானும் வருவதாகச் சொன்னான். மூன்றாவது ஆளாக வெள்ளத்துரைக்குத் தோன்றியவன் துரைப்பாண்டி. சின்ன வயதிலிருந்து கூட ஆடு மேய்த்தவன். வண்டி மிதிப்பதில் அவனுக்கு இணை கிடையாது. ஆனால் போன வாரம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தான்.

"இன்னும் சோறே இறங்கல அவருக்கு. வேற ஆளக் கூப்பிடுங்கண்ணே" என்றாள் அவன் பெண்டாட்டி மாரித்தாய்.

வெள்ளத்துரை காதில் வாங்காதவன் போலத் தலைகுனிந்து நின்றான். துரைப்பாண்டி அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டான். "கோமதி எனக்கும் தங்கச்சிதாம்ட்டி" என்றான்.

மேலநீலிதநல்லூர் தாண்டும்வரை மூவரும் ஒரே சீராக மிதித்தார்கள். அதன்பிறகு எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. சூளை வாயைத் திறந்துவிட்டது போன்ற காற்று. இருபுறமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. ரோட்டுத் தார் இளகி டயரில் ஒட்டியதால் ஒவ்வொரு மிதிக்கும் வண்டியைப் பிய்த்து எடுக்கவேண்டியிருந்தது. முன்னால் போகிறவன்தான் காற்றை வாங்கவேண்டும் என்பதால் மாறி மாறிப் போவதென்று பேச்சு. துரைப்பாண்டியோ முன்னால் போனவன் போனவன்தான். மாறச் சொன்னதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளத்துரையும் மறுபடி சொல்லவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் மிதிப்பது லேசாக இருந்தது.

பனவடலிச்சத்திரத்தில் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்து, ஒரு பாட்டிலிலும் பிடித்துக்கொண்டார்கள். துரைப்பாண்டி ஒரு மிடறு குடித்து அதையும் துப்பினான். சட்டை காய்ந்திருந்தது. அவ்வளவு வெயிலில் வியர்வை நின்றுபோனது நல்லதற்கில்லை என்று ஆதம் முணுமுணுத்தான். "போவோம், போவோம்" என்றான் வெள்ளத்துரை.

தேவர்குளத்துக்கு இந்தப் பக்கம், ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில், துரைப்பாண்டி இல்லாத ஆட்டை அதட்ட ஆரம்பித்தான். "ஏய், கிழக்க போகாத" என்று கையை வீசினான். வண்டி கோணிக்கொண்டு போய்ச் சரளில் சாய்ந்தது.

வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போட்டார்கள். தொட்டால் தோசைக்கல். மிச்சமிருந்த தண்ணீரை நெஞ்சில் ஊற்றியதும் கண் திறந்து, வெள்ளத்துரையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான்.

"போயிராதலே. என்னைய இங்கன விட்டுட்டுப் போயிராத."

வெள்ளத்துரை ஆதமைப் பார்த்தான். ஆதம் ரோட்டின் இரு பக்கமும் பார்த்தான்.

"நான் இருக்கேன். பக்கத்துல கிணறு எங்கயாச்சும் இருக்கும். நீ போ வே."

அந்த வார்த்தைக்குத்தான் வெள்ளத்துரை காத்திருந்தான் போலும். சட்டையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். அந்த நிலைமையிலும் துரைப்பாண்டியின் பிடி உடும்புப்பிடியாக இருந்தது.

மானூர் நெருங்கும்போது கெண்டைக்கால் இரண்டும் சுருட்டிக்கொண்டன. இறங்கினால் ஏற முடியாது என்று தெரிந்ததால் துண்டால் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டு மிதித்தான். ஓட்டத்திலேயே வாந்தி எடுத்தான். பிறகு கால் வலியும் போய்விட்டது, கால் இருப்பதும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பிரேக் பிடிக்க விரல் மடங்காமல் சுவரில் மோதித்தான் நின்றான்.

நர்ஸ் ஞானபூரணம் அவனைப் படுக்கவைத்து, உப்புப் போட்ட கஞ்சியை வாயில் புகட்டினாள். டாக்டர் யோசித்தார். "இந்த ஒடம்புல எடுக்கக் கூடாது" என்றார். வெள்ளத்துரை அவர் கையைப் பிடித்துத் தன் முழங்கையில் வைத்தான். ரத்தம் சேர்ந்தது. இன்னும் கொஞ்சநேரம் பொறுத்து எடுத்தார்கள்.

ஊசியை உருவிய பிறகுதான் அவன் துரைப்பாண்டியைப் பற்றிச் சொன்னான். கேட்ட உடனே டாக்டர் ஆஸ்பத்திரி வேனை அனுப்பினார். எழுந்திருக்கக் கூடாது என்ற ஞானபூரணத்தைத் தள்ளிவிட்டு வெள்ளத்துரையும் ஏறிக்கொண்டான். வேன் கிளம்பும்போது ஆறுமுகச்சாமி ஓடிவந்து, "ரத்தம் நின்னுட்டு மச்சான்" என்று கதறினான். அதைக் கேட்டு வெள்ளத்துரைக்கு அழுகை வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் ஆதம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் காலிக் குடங்களோடு நின்றார்கள். துரைப்பாண்டியின் முகத்தில் ஆதமின் துண்டு கிடந்தது.

சங்கரன்கோவிலில் வீட்டு முன்னால் வேன் நின்றபோது மாரித்தாய் கத்தவில்லை. கிட்டத்தில் வந்து துண்டை விலக்கிப் பார்த்தாள்.

"கடைசியா என்ன சொன்னாரு?"

"கோமதியப் பாரு, நீ போன்னு இவங்கிட்டச் சொன்னான் மதினி" என்றான் ஆதம், அவசரமாக.

"இல்ல" என்றான் வெள்ளத்துரை. "போயிராதன்னான். சட்டையப் பிடிச்சிக் கெஞ்சினான். நான் கையப் பிரிச்சி விட்டுட்டுப் போனேன்."

மாரித்தாய் அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அவ பிழச்சிட்டாளா?"

"பிழச்சிட்டா."

"அப்பப் போ. இங்கன நிக்காத."

பாடையில் கைவைக்கப் போனவனைத் துரைப்பாண்டியின் சித்தப்பா விலக்கி நிறுத்தினார். வெள்ளத்துரை எல்லோருக்கும் பின்னால், கால் தரையில் பாவாமல், இழுத்து இழுத்துச் சுடுகாடுவரை நடந்தான்.

கோமதித்தாய் ஊர் திரும்பியதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதலில் போனது மாரித்தாய் வீட்டுக்குத்தான். மாரித்தாய் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாளாம். வெளியே தெருமுனையில் அண்ணன் நிற்பதாகக் கோமதித்தாய் சொன்னதும், வாசல் பக்கம் பார்க்காமல் பிள்ளையின் துணியைச் சரிசெய்தாளாம். கோமதித்தாய் திரும்பி வரும்வரை அவன் அங்கேயேதான் நின்றிருந்தான்.