எஞ்சினைத் திறக்க வேண்டாம்

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. இருபத்திரண்டு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாமல் வந்து உட்கார்ந்தவர்களை எல்லாம் லைசென்ஸோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அதற்குத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தத்தான் வேண்டும். என் வீட்டுக்காரரும் இதே வேலைதான் பார்க்கிறார், எங்களுடைய சின்னக் காரில். அவர் கத்தமாட்டார். "பரவாயில்லம்மா, பரவாயில்லம்மா" என்றே ஆறு வாரத்தையும் கடத்திவிடுவார்.

என்னுடையது பெரிய கார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாலு ரோடு சந்திப்பில், ஒரு பஸ்ஸுக்கு நேர் முன்னால், அதன் எஞ்சின் கடகடவென்று கதறிவிட்டு ஒரேயடியாக நின்றுபோனது.

அப்போது ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவள் ஒரு தையல்காரி. சீருடை தைக்கும் கம்பெனியில் பதினாறு வருஷமாக ஒரே மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்தவள். ஊரின் அந்தக் கோடியில் கம்பெனி இன்னொரு கிளை திறக்கிறது. துணிக்கட்டுகளை வேனில் கொண்டுபோய் இறக்கி, அங்கே இருபது பேரை மேற்பார்வை பார்க்கிற வேலை உனக்குத்தான் என்று முதலாளியம்மா அவளிடம் சொல்லியிருந்தார், லைசென்ஸ் மட்டும் வாங்கிவிட்டால். இரண்டு தடவை டெஸ்டில் தோற்றிருந்தாள். மூன்றாவது டெஸ்டுக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது. கீழே விழுந்த ஊசியை எடுக்கக்கூட அனுமதி கேட்பாள் போலிருக்கிறது, அவ்வளவு பயந்த சுபாவம்.

எஞ்சின் நின்றபோது அவள் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். பின்னால் பஸ்காரன் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை.

"ஐயோ டீச்சர், நான் என்ன பண்ணினேன்?"

"என்னத்தப் பண்ணித் தொலைச்சீங்க? ரெண்டுல போடச் சொன்னா எதுல போட்டீங்க?"

வாய்ப் பழக்கம். சொன்ன அந்த நொடியிலேயே எனக்குத் தெரியும், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று. தப்பு ஒரு ஆப்பிள் ஸ்டிக்கருக்குப் பின்னால் இருந்தது.

விஷயம் இதுதான். டேஷ்போர்டில் சிவப்பாக ஆயில் லைட் ஒன்று உண்டு. அது எரிந்தால் வண்டியை அங்கேயே ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். முதல் நாள் பாடத்தில் முதல் வரியாக நான் சொல்வதே இதைத்தான். அந்த லைட் என் காரில் இரண்டு வாரமாக வளைவுகளில் எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தது. வயரில் ஏதோ கோளாறு என்று நானாக முடிவுகட்டினேன். படிக்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் "டீச்சர், சிவப்பா என்னமோ எரியுது" என்று ரோட்டை விட்டுவிட்டு அதையே பார்த்தால் எரிச்சல் வருமா வராதா? ஒரு நாள் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தேன். பழத்தின் மேல் ஒட்டியிருந்த வட்ட ஸ்டிக்கரைப் பிய்த்து லைட்டின் மேல் ஒட்டிவிட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது.

ஆயில் அளவை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, குச்சியை உருவிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை விட்டு இறங்கினாள். அவள் முதுகு திரும்பியதும் நான் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துக் கைப்பைக்குள் போட்டேன். வெட்கக்கேடு.

எங்கள் மெக்கானிக்குக்கு ஜட்ஜையா என்று பெயர். எஞ்சினைத் திறந்து பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். திறந்து பார்த்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. காரை இழுத்துக்கொண்டு போய் அவர் ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். எஞ்சினுக்குள் சுழல்கிற கிராங்க் தண்டைத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை.

"ரெண்டு வழி இருக்கு. இதையே முழுசாப் பிரிச்சு, போனதை எல்லாம் மாத்தி, திரும்பக் கட்டலாம். பன்னெண்டு நாள் ஆகும். இல்லேன்னா அடிபட்ட வண்டியில இருந்து எடுத்த எஞ்சின் ஒண்ணு வருது, அதைத் தூக்கி வைக்கலாம். நாலு நாள். ஆனா அது முன்னாடி யார்கிட்ட என்ன பாடு பட்டுச்சோ, அதுக்கு நான் பொறுப்பில்ல."

"பிரிச்சுப் பாத்துடலாம்," என்றார் என் வீட்டுக்காரர். "எதனால போச்சுன்னு தெரியணும்ல?"

"பிரிச்சா தெரிஞ்சிடுமா?" என்று அவசரமாகக் கேட்டேன்.

"அதெல்லாம் அப்படியே எழுதி வச்ச மாதிரி தெரியும் டீச்சர்," என்றார் ஜட்ஜையா.

"வேண்டாம், மாத்திடலாம்," என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்காமல் என்ன செய்வார்? கிழிந்த குடையை மூன்று தடவை தைத்துப் பிடித்துக்கொண்டு போகிறவள் நான். காது போன கோப்பையில் பேனா போட்டு வைக்கிறவள். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஏன், நல்லாத்தான் இருக்கேன்."

"ஒரு பொருளைத் தூக்கிப் போடலாம்னு நீ சொல்லி நான் கேட்டதே இல்ல. அதான் பயமா இருக்கு."

"பன்னெண்டு நாள் வண்டி இல்லாம பாடம் எப்படி நடக்கும்? கொஞ்சமாவது யோசிச்சீங்களா? எல்லாத்துக்கும் நான்தான் மண்டையை உடைச்சுக்கணுமா?" என்று எகிறினேன். கத்தினால் மனுஷர் அடங்கிவிடுவார் என்று எனக்குத் தெரியும். அடங்கினார். எஞ்சினை மாற்றுவதென்று முடிவாயிற்று.

அந்த வாரம் முழுக்கத் தையல்காரி வகுப்புக்கு வரவில்லை. வீட்டுக்காரர் போன் செய்து பார்த்தார். "இனிமே நான் காரைத் தொடமாட்டேன் சார், ஒரு வண்டியை உடைச்சது போதும்" என்றாளாம். அதை அவர் என்னிடம் சொன்னபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். காம்பை எல்லாம் சட்டியில் போட்டு இலையைக் குப்பையில் போட்டேன்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தேன். என்ன சொல்வது? டீச்சரே சிவப்பு லைட்டை ஆப்பிள் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தாள் என்றா? ஊரெல்லாம் சிரிக்குமே! புது எஞ்சின் வரட்டும், எல்லாம் மறந்துபோகும், அவளை நானே போய்ச் சமாதானப்படுத்திக் கூட்டிவருவேன் என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். ஆனால் வரவேண்டிய எஞ்சின் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனது.

அடுத்த வாரம் சனிக்கிழமை அவளே வந்தாள், எங்கள் ஆபீசுக்கு. கையில் ஒரு பெரிய துணிப் பொட்டலம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. சீட்டுக்கு உறை தச்சிருக்கேன். அஞ்சு சீட்டுக்கும். அளவு கண்ணாலதான் எடுத்தேன், சரியா இருக்கும்னு நினைக்கிறேன்."

பிரித்தேன். நீலத் துணி, ஓரத்தில் சாம்பல் நிறப் பட்டை, ஒவ்வொரு தையலும் எறும்பு வரிசை மாதிரி நேராக இருந்தது. பத்து நாளாக, வேலை முடிந்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்து தைத்திருக்கிறாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"உங்க எஞ்சினை என்னால வாங்கித் தர முடியாது டீச்சர். என்னால முடிஞ்சது இதுதான்." பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "வர்ற வெள்ளிக்கிழமை டெஸ்டுக்கு நான் போகல. முதலாளியம்மாகிட்டயும் திங்கக்கிழமை சொல்லிடப் போறேன், வேற ஆளைப் பாத்துக்கட்டும்னு."

இருபத்திரண்டு வருஷமாக நிற்காமல் பேசுகிற வாய் என்னுடையது. "திங்கக்கிழமை கம்பெனிக்குப் போறதுக்கு முன்னாடி ஏழரை மணிக்கு ஒர்க்‌ஷாப்புக்கு வாங்க," என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவள் போனதும் ஜட்ஜையாவுக்குப் போன் போட்டேன்.

"அந்த எஞ்சின் வேண்டாம். இருக்கிறதைப் பிரிங்க. ஆனா திங்கக்கிழமை, எங்க கண்ணு முன்னாடி."

என் வாயால் சொல்லத் துணிச்சல் இல்லை. எஞ்சினே சொல்லட்டும் என்று விட்டேன். நான் எப்பேர்ப்பட்ட வீராங்கனை என்று இதிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

திங்கட்கிழமை எஞ்சின் பெஞ்சின் மேல் கவிழ்ந்து கிடந்தது. ஜட்ஜையா அடியில் இருந்த ஆயில் தொட்டியைக் கழற்றினார். தட்டில் ஊற்றும் அளவுகூட ஆயில் இல்லை. கிராங்கைப் பிடித்திருந்த பேரிங் ஒன்றைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்தார். நகம் அளவுக்கு மெல்லிய உலோகத் தகடு. தீய்ந்து கறுத்துச் சுருண்டிருந்தது.

தையல்காரி மெதுவாகக் கேட்டாள்: "கியர் தப்பாப் போட்டா இப்படி ஆகுமாங்க?"

"கியருக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? இது ஆயில் இல்லாம ஓடினது. ஒரு நாள்ல ஆனதும் இல்ல. லைட் எரிஞ்சிருக்குமே, யாருமா பாக்கல?"

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "ஆயில் பாக்கிறது என் வேலைதான். நான்தான் கவனிக்காம..."

பாவி மனுஷர், என் முகத்தைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொண்டுவிட்டார். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது, இந்தத் தடவை சரியான ஆள் மேல், என் மேலேயே.

"நீங்க வாயை மூடுங்க. நான்தான். லைட் ரெண்டு வாரமா எரிஞ்சுது. நான்தான் ஆப்பிள் ஸ்டிக்கரை ஒட்டி மறைச்சேன். வண்டி நின்னதும் பிச்சு எடுத்துப் பையில போட்டுட்டு, பழியை இந்த அம்மா மேல போட்டேன்."

தையல்காரி என்னையே பார்த்தாள். "அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"பதிமூணு நாளா?"

"ஆமா."

அப்புறம் பாருங்கள், அந்தப் பயந்தாங்கொள்ளி வாயைத் திறந்தாள்! "நீங்கெல்லாம் ஒரு டீச்சரா? பதிமூணு நாள் நான் சோறு இறங்காம கிடந்தேன். என் பொண்ணு 'ஏம்மா அழற'ன்னு கேட்டதுக்குப் பதில் சொல்லத் தெரியாம நின்னேன். கைநீட்டி அந்த உறையை வேற வாங்கிக்கிட்டீங்களே, உங்களுக்குக் கூசல?" பக்கத்தில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவர்கூட வேலையை நிறுத்திவிட்டார். நான் வரிசையாக வாங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை, வாங்கியிருக்கவும் வேண்டியதில்லை.

கத்தி முடித்ததும் மூச்சு வாங்கினாள். பிறகு என் வீட்டுக்காரரிடம் திரும்பினாள்.

"சார், உங்க வண்டி வெளியில நிக்குதா?"

"நிக்குதும்மா."

"வெள்ளிக்கிழமை டெஸ்ட். எட்டரைக்குக் கம்பெனி, இன்னைக்கு லேட்டுன்னு சொல்லிக்கிறேன். நீங்க சொல்லிக்குடுங்க. இவங்க வேண்டாம்."

சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் படிக்கமாட்டேன் என்று சொன்ன முதல் ஆள். வீட்டுக்காரர் பரிதாபமாக என்னைப் பார்த்தார். "போங்க, என்ன மசமசன்னு நிக்கிறீங்க?" என்று அவரை விரட்டினேன்.

அவர்கள் பின்னாலேயே வாசல் வரைக்கும் போனேன். அவள் சாவியைக் கேட்டு வாங்கினாள். கேட்டுத்தான் வாங்கினாள், ஆனால் கை நீட்டியபடி. கண்ணாடியைச் சரிசெய்தாள், பின்னால் பார்த்தாள், தோளுக்கு மேலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ரோட்டில் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. என் வாய் சும்மா இருக்குமா?

"லாரி வருது, லாரி!"

"எனக்குக் கண்ணு இருக்கு டீச்சர்!" என்று கத்திவிட்டு, லாரியைப் போகவிட்டு, ஒரு குலுக்கல் இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கினாள்.

பக்கத்தில் ஜட்ஜையா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "அப்போ, இதையே கட்டவா, மாத்தவா?"

"இதையே கட்டுங்க," என்றேன். அவள் கார் மூன்றாவது கியருக்கு மாறுகிற சத்தம் கேட்டது. கடக்கென்று ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு. தூசி என்று சொன்னேன், அவரும் ஆமாம் என்றார்.