யார் மேல சந்தேகம்?

டிவியில் அந்த இசை ஆரம்பித்ததும் நாகராசு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணி. சுகுணா அப்போதுதான் ஒரு தட்டு நிறைய அவித்த கடலையைக் கொண்டுவந்து அவர் நாற்காலிப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"என்னங்க, போட்டாச்சு. இந்நேரம் எங்கிட்டு கெளம்புறீங்க?"

"வயலுக்குப் போயிட்டு வாரேன். தண்ணி காட்டணும்."

"நாலு வாரமா இதே பாட்டுத்தான். ஒரு மணி நேரம் கழிச்சுக் காட்டுனா பயிரு கோவிச்சுக்குமா?"

செருப்பை மாட்டினார். பின்னாலேயே இன்ஸ்பெக்டர் பரிதியின் கனத்த குரல் வாசல் வரை வந்தது. தெருவில் இறங்கினால் அடுத்த வீட்டிலும் அதே குரல், அதற்கடுத்த வீட்டிலும் அதே குரல். ரைஸ்மில்லைத் தாண்டும் வரைக்கும் அது விடவில்லை.

'நாலாம் அறை' என்ற அந்தத் தொடரை ஊருக்கே பழக்கிவிட்டவர் நாகராசுதான். வாரம் ஒரு கொலை, அல்லது ஒரு கொள்ளை. ஒரு மணி நேரத்துக்குள் பரிதி ஆளைப் பிடித்துவிடுவார். பரிதிக்கு முன்னால் நாகராசு பிடித்துவிடுவார். புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரிக்குப் போகிற மகள் சிவரஞ்சனி அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கியிருந்தாள். இரண்டாவது விளம்பர இடைவேளைக்குள் அவர் ஒரு துண்டுத்தாளில் குற்றவாளியின் பெயரை எழுதி மடித்து, தண்ணீர்ச் செம்புக்கு அடியில் வைத்துவிட வேண்டும். கடைசியில் பிரித்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும். மறுநாள் காலை டீக்கடையில், "எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்று யாராவது கேட்பார்கள். "கடைசியா அங்கிட்டு வந்து போனவன் யாருன்னு பாக்கணும்ப்பா, அம்புட்டுத்தான்" என்பார். அது பரிதியின் வாக்கியம். பரிதி சந்தேகப்பட்ட ஆளை நாலாம் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி ஓங்கி ஓர் அறை விடும்போது நாகராசு தன் தொடையில் தட்டிக்கொள்வார். "கக்குறான் பாரு, கக்குறான் பாரு" என்பார். நாற்பத்தாறு வயதுவரை கடலையையும் நெல்லையும் தவிர வேறு எதற்காகவும் நாலு பேர் அவரிடம் கருத்துக் கேட்டதில்லை. அந்தத் தொடர் வந்த பிறகு கேட்டார்கள்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை காலையில் அவருடைய போர் மோட்டாரின் கேபிளைக் காணவில்லை. நாற்பது மீட்டர் செம்பு வயர். ஸ்டார்ட்டர் பெட்டி திறந்து கிடந்தது. வயரை ஒரே வெட்டாக, சுத்தமாக நறுக்கியிருந்தார்கள். அவர் மோட்டார் கொட்டகையைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். குனிந்து காலடித் தடம் பார்த்தார். வருத்தம் இருந்தது, பயிர் காய்ந்துபோகுமே என்ற பயமும் இருந்தது. ஆனால் அவற்றுக்கு அடியில் ஒரு சுறுசுறுப்பும் இருந்ததைப் பிற்பாடுதான் ஒப்புக்கொண்டார். அதுவும் தனக்குள் மட்டும்.

ஸ்டேஷனில் இருந்த எஸ்.ஐ. சின்ன வயதுக்காரர். புகாரைப் படித்துவிட்டு, தலை நிமிராமலே கேட்டார்.

"யார் மேலயாச்சும் சந்தேகம் இருக்கா?"

அந்தக் கேள்வியைத் தன்னிடம் யாராவது கேட்க வேண்டும் என்றே இரண்டு வருடம் காத்திருந்தவர் போல நாகராசு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். இரண்டு நாளைக்கு முன்னால் மோட்டார் மெக்கானிக் சந்தனம் வந்து ஸ்டார்ட்டரைப் பார்த்துக் கொடுத்ததைச் சொன்னார். வேலை முடிந்ததும் அவன் "வயரு எத்தன மீட்டருண்ணே?" என்று கேட்டதைச் சொன்னார். கொட்டகையில் யாரும் படுப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும் என்பதையும், வெட்டு சுத்தமாக இருப்பதால் தொழில் தெரிந்தவன் வேலைதான் என்பதையும் வரிசைப்படுத்தி, இடையிடையே நிறுத்தி, எஸ்.ஐ.யின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். கடைசியில், "கூப்பிட்டு ரெண்டு தட்டு தட்டுனா கக்கிருவான் சார்" என்றார்.

எஸ்.ஐ. முதல்முறையாக நிமிர்ந்து சிரித்தார். "நீங்களே ஸ்டேஷன நடத்திருவீங்க போலருக்கே."

வெளியே வந்து எதிர்க் கடையில் டீயும் வடையும் சாப்பிட்டார். வடை நன்றாக இருந்தது. இன்னொன்று வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் மத்தியானம் சந்தனத்தின் மனைவி அழகி, காலனியிலிருந்து ஓடிவந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். மூச்சு வாங்கியது.

"அண்ணே, அவர நேத்து சாயங்காலமே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்கண்ணே. இன்னும் விடல. நீங்க ஒரு வார்த்த வந்து சொன்னா விட்டுருவாங்கண்ணே."

இவளுக்குத் தெரியாது என்று நாகராசுவுக்கு உடனே புரிந்தது. அதுவே அவருக்குத் தைரியம் கொடுத்தது. "நீ வீட்டுக்குப் போத்தா, நான் பாக்குறேன்" என்று பைக்கை எடுத்தார்.

ஸ்டேஷனின் பின்பக்க வராந்தாவில் சந்தனம் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். உடம்பில் டவுசர் மட்டும்தான். இடது உள்ளங்கையால் இடது காதைப் பொத்திக்கொண்டு எதையோ கவனமாகக் கேட்பவன் போலத் தலையைச் சாய்த்திருந்தான். காதிலிருந்து கழுத்து வரை ஒரு கோடு காய்ந்திருந்தது. உள்ளே பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சாம்பார்ப் பொட்டலத்தைக் கடித்துப் பிரித்தார்கள். வேறு எந்தச் சத்தமும் இல்லை. டிவியில் இந்த இடத்தில் ஓர் இசை வரும்.

"இவன் இல்லைங்க. காலையில பக்கத்து மாவட்டத்துல ஒரு கும்பல் மாட்டியிருக்கு. வேன் நெறைய வயரு. ஒங்க ஊருப் பக்கமும் வந்ததா ஒத்துக்கிட்டாங்க" என்றார் எஸ்.ஐ. "ஒரு கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க."

திரும்பும் வழியெல்லாம் சந்தனம் பின்னால் உட்கார்ந்து ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தான். "நீங்க வரலைன்னா என்ன ஆயிருப்பேண்ணே. தெய்வம் மாதிரி வந்தீங்க." குரல் தேவைக்கு அதிகமாக உரக்க வந்தது. நாகராசு ரோட்டைப் பார்த்தபடியே, "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. ஒருத்தருக்கு ஒருத்தர் இதுகூடச் செய்யலன்னா எப்படி" என்றார்.

செவிப்பறை கிழிந்துவிட்டது, அந்தக் காது இனிக் கேட்காது என்று டாக்டர் சொன்னதாக ஒரு வாரம் கழித்துச் சுகுணா வந்து சொன்னாள். "எவன் போயி அவன் பேர சொன்னானோ, வெளங்குவானா அவன்?" என்றாள். நாகராசு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

புதுக் கேபிள் வந்ததும் சந்தனம்தான் மாட்டினான், எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. வடகாட்டில் மாமனார் வீட்டு மரத்தில் காய்த்ததென்று முழுப் பலாப்பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனான். சுகுணா சுளை எடுத்துத் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். நாகராசு வாயில் வைக்கவில்லை. சர்க்கரைக்கு ஆகாது என்றார். அவருக்குச் சர்க்கரை இல்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு வழக்கம்போலத் தொடரின் முன்னால் உட்கார்ந்தார். விடுமுறைக்கு வந்திருந்த சிவரஞ்சனி தாளையும் பேனாவையும் கையில் கொடுத்தாள். பரிதி ஓர் ஆளை நாலாம் அறைக்குள் இழுத்துப் போனார். அறை விழுந்தது. அடி வாங்கிய நடிகர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, உடனே எல்லாவற்றையும் தெளிவாக, அழகான வசனத்தில் ஒப்புக்கொண்டார். யாரும் காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சாய்க்கவில்லை.

"அப்பா, எழுதுங்கப்பா. பிரேக் முடியப்போகுது."

பேனா தாளின்மேல் நின்றது. அவருக்குப் பெயர் தெரிந்திருந்தது. தோட்டக்காரன்தான். கடைசியாக வந்து போனவன். அந்தப் பெயரை அவரால் எழுத முடியவில்லை. "இப்பல்லாம் கதை முன்ன மாதிரி இல்லம்மா. சும்மா இழுக்குறான்" என்று எழுந்துவிட்டார். டீக்கடையிலும் அதையே சொன்னார். "ஆமாண்ணே, போரடிக்குது" என்று இரண்டு மூன்று பேர் அதற்கும் தலையாட்டினார்கள்.

அதற்குப் பிறகு இது நாலாவது ஞாயிறு. அவர் வரப்பு வழியாக நடந்து கொட்டகையை நெருங்கியபோது சந்தனத்தின் டிவிஎஸ் வாசலில் நின்றது. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வைத்து அவன் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். இவர் வந்தது அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நிழல் விழுந்ததும் திடுக்கிட்டு, இரண்டு கையையும் முகத்துக்கு நேராகத் தூக்கினான். பிறகு யாரென்று பார்த்துச் சிரித்தான்.

"நீங்களாண்ணே. ஸ்டார்ட்டர் அடிக்கடி கட்டாயிருதுன்னு அண்ணி சொன்னாங்க. அதான் பாத்துட்டுப் போலாம்னு. இன்னைக்கி ஒங்க சீரியல் இல்லையா?"

நாகராசு சுற்றிவந்து அவனுடைய வலப்பக்கம் உட்கார்ந்தார். தூக்கிய அந்த இரண்டு கைகளும் கண்ணை விட்டுப் போகவில்லை.

"சந்தனம், அன்னைக்கி ஸ்டேஷன்ல ஒம் பேரச் சொன்னது நாந்தான்."

ஸ்குருடிரைவர் நிற்கவில்லை. இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றியது.

"தெரியும்ணே."

"என்னது?"

"அன்னைக்கே தெரியும். 'நாகராசு என்ன பொய்யா சொல்றாரு'ன்னு கேட்டுக் கேட்டுத்தானே அடிச்சாங்க."

நாகராசுவுக்கு முகம் கொதித்தது. பைக்கில் வந்தபோது தான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. ஒருத்தருக்கு ஒருத்தர் இதுகூடச் செய்யலன்னா எப்படி. ஒன்றரை மாதமாக அவன் ஒவ்வொரு முறை நன்றி சொன்னபோதும் கையை அசைத்து, பெரிய மனுசனாக அவர் அதை ஏற்றுக்கொண்டிருந்தார். அவன் அத்தனையையும் தெரிந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"பெறகு எதுக்குப்பா எங்கிட்ட இம்புட்டு… பலாப்பழமெல்லாம்…"

சந்தனம் பெட்டியின் மூடியைப் பொருத்தினான். அவன் குரலில் கோபமே இல்லை. எந்தத் திருகைத் தளர்த்த வேண்டும் என்று சொல்வது போலச் சொன்னான்.

"வேற என்ன செய்யச் சொல்றீங்க? இந்த ஊருல இன்னம் என்னென்னமோ காணாமப் போகும்ணே. அப்பவும் ஒங்களத்தான் கேப்பாங்க. நீங்க எம் பேரச் சொல்லிறக் கூடாதுல்ல."

"சொல்ல மாட்டேன்" என்று நாகராசு சொல்ல நினைத்தார். பழத்துக்கும் ஓசி வேலைக்கும் பதிலாகக் கொடுக்கிற வாக்குப் போல அது இருந்தது. பிறகு, "தப்புப் பண்ணிட்டேன்ப்பா" என்றார். சத்தம் சரியாக எழவில்லை. கேட்டதோ இல்லையோ, சந்தனம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"மோட்டாரப் போட்டுப் பாருங்கண்ணே."

போட்டார். குழாயில் தண்ணீர் இரண்டு முறை இருமிவிட்டு, கனமாக வந்து தொட்டியில் விழுந்தது. சந்தனம் அதைச் சற்று நேரம் பார்த்தான். "இனிமே கட்டாகாது" என்றான். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு ரோட்டில் ஏறினான்.

நாகராசு வரப்பிலேயே நின்றார். அறந்தாங்கிப் பக்கமிருந்து வந்த மினிபஸ் ஒன்று சந்தனத்தின் பின்னால் ஹாரன் அடித்தது. அவன் ரோட்டின் நடுவிலேயே போனான். பஸ் மறுபடியும் நீளமாக அடித்தது. இப்போது அவனுக்குக் கேட்டுவிட்டது; ஆனால் எங்கிருந்து என்று தெரியவில்லை. வண்டியை மெதுவாக்கி, பின்னால் பார்க்காமல், சத்தம் வயலிலிருந்து வருவதாக நினைத்துக்கொண்டு, நாகராசு நின்ற திசையைத் திரும்பிப் பார்த்தான்.