பட்டினியே இல்லாத சந்து

சாலை பஜார் அரிசி மண்டிகளுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் பட்டினியே கிடையாதாம். காலேஜ் பிள்ளைகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். மாணவர்களுக்கான டேட்டா போட்டி, தலைப்பு 'நகரத்தின் பசி'. முதல் பரிசு சாய் என்கிற பையனின் அணிக்கு. அவர்கள் போட்ட வரைபடத்தில் எங்கள் சந்து பச்சைப்பசேல் என்று இருந்தது. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இங்கே தினமும் மதியம் நாற்பது வீட்டுக்கு இலவசப் பொதிச்சோறு கொடுப்பவள் நான். சோறு அனுப்புகிற டிரஸ்ட்காரர்கள்தான் போட்டிக்கும் நடுவர்கள். வரைபடத்தைப் பார்த்த மறுநாளே எங்கள் பொதிகளை வேறு வார்டுக்குத் திருப்பிவிட்டார்கள். மேதாவிகள்!

எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? டேப்லெட்டும் கையுமாக வாசலில் நின்று, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டிருக்கிறார்கள். வாசலில் வந்து நிற்கிற பிள்ளையிடம் எந்த வீட்டில் 'இல்லை' என்பார்கள்? உலை வைக்காவிட்டாலும் 'ஆச்சு' என்பதுதானே மரியாதை. சாய் கோட்டைப் பக்கத்து அக்ரஹாரப் பையன். அவன் அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாள். இதுகூடத் தெரியாதவனுக்குக் கோப்பை ஒரு கேடா!

கடைசி வீட்டு ரத்னாபாய் அக்கா 'ஆச்சு' என்றதோடு நிற்காமல், இருந்த சீனியை வழித்துப் போட்டு அவனுக்குப் பாலில்லாத கட்டன்சாயாவும் கொடுத்திருக்கிறாள். அறுபது வயதுத் தனிக்கட்டை. ஒரே பொதியை மதியம் பாதி, ராத்திரி பாதியாகச் சாப்பிடுவாள். பொதி நின்ற ஐந்தாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

நான் காலேஜுக்கே போய்ச் சாயைக் கையோடு இழுத்து வந்தேன்.

"ஆன்ட்டி, அவாளே ஆச்சுன்னுதானே சொன்னா? டேட்டா அதுதானே?"

"ஒனக்க டேட்டாவ வச்சு ஒரு நேரம் கஞ்சி காய்ச்ச முடியுமாடே? பேசாம வா."

அவனைப் பார்த்ததும் அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். "வா மக்ளே. சாயா போடட்டா?"

"வேண்டாம் பாட்டி. இன்னிக்குச் சாப்ட்டேளா?"

"ஆச்சு மக்ளே. மீன்கறி வச்சேன்."

எனக்குக் கண்மண் தெரியவில்லை. விறுவிறு என்று உள்ளே போய்ச் சோற்றுப் பானையைத் தூக்கி வந்து அவன் முகத்துக்கு நேரே கவிழ்த்தேன். ஒரு பருக்கை விழவில்லை.

"பாத்துக்கோடே! மீன்கறியாம்! நல்லா போட்டோ எடு!"

எடுத்தான் பாவி. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்க பானைய வை, ஷாலு," என்றாள்.

போட்டோவைப் பார்த்து டிரஸ்ட்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். திங்கட்கிழமை நாற்பது பொதியும் திரும்பி வந்தன. ஜெயித்துவிட்ட மிதப்பில் முப்பத்தொன்பது வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, கடைசி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அக்கா, நாந்தான். சோறு வந்தாச்சு."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

"எனக்க வாசல்ல நிக்காத," என்றாள் அக்கா. "போ."