நெஞ்சு என்று சொன்னது

நெஞ்சில் ஜில்லென்று எதையோ தடவி வயர்களை ஒட்டியபோதுதான் நாகலெட்சுமிக்கு விஷயம் பிடிபட்டது. அவள் வந்தது ஒன்றுக்கு, இங்கே பார்ப்பது வேறொன்றுக்கு. டாக்டர் காகிதத்தைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். துணைக்கு வந்த நாத்தனார் சுதர்ஷினி அதைத் தமிழில் சொன்னாள்.

"இதயம் குதிர மாதிரி இருக்காம் அண்ணி. வெறும் கேஸ்தானாம்."

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இப்படித்தான். தேயிலை மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறித்துக்கொண்டே போகிறவள் பாதியில் நின்றுவிடுவாள். கை கொழுந்தின்மேல் இருக்கும், கிள்ளாது. பக்கத்து நிரைக்காரிகள் மேலே ஏறிப் போய்விடுவார்கள். "என்னம்மா, செடியோட குசலமா?" என்பான் கங்காணி. எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். அழுகை வந்தாலாவது தேவலை, அதுவும் வராது. புருஷன் சோலைமலை, நல்லாத் தூங்கினால் சரியாகும் என்றான். தூங்கித்தான் பார்த்தாள். போன வாரம் பிள்ளை வெந்நீரைக் கையில் கவிழ்த்துக்கொண்டு அலறியது. அவள் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தாள். யார் வீட்டுப் பிள்ளையோ அழுகிறது என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராக்காரி ஓடிவந்து தூக்கினாள். நல்லவேளை, தோல் சிவந்ததோடு போயிற்று. அன்றிலிருந்து நாகலெட்சுமிக்குத் தன்னைக் கண்டாலே பயம்.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டாள்.

"டாக்டருகிட்ட என்ன சொன்ன?"

"நீங்க சொன்னதத்தான். நெஞ்சு அடைக்குதுன்னு."

"பப்புவன்னு சொன்ன. எனக்கும் காது இருக்கு சுதா."

தமிழில் நெஞ்சு என்றால் நெஞ்சுக்கூடும் அதுதான், உள்ளே கிடக்கிற மனசும் அதுதான். சிங்களத்தில் நெஞ்சுக்கூட்டுக்குப் பப்புவ, மனசுக்கு ஹித. ஹட்டனில் ஜவுளிக்கடையில் நாள் முழுக்கச் சிங்களம் பேசுகிற சுதர்ஷினிக்கு அந்த வித்தியாசம் தெரியாமல் இல்லை.

சுதர்ஷினி குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டாள். "ஹிதன்னு சொன்னா மனசுக்கு வைத்தியம் பாக்குற அந்தக் கடைசிக் கட்டிடத்துக்கு அனுப்புவாங்க. பொழுது சாயறதுக்குள்ள லயம் பூரா அங்கொட பைத்தியக்கார ஆஸ்பத்திரி கேசுன்னு பேசும். ஞாயித்துக்கெழம வட்டவளையிலருந்து என்னயப் பாக்க வர்றாங்க அண்ணி. ஏற்கனவே ரெண்டு எடம் தட்டிப் போச்சு."

நாகலெட்சுமிக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். இவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்றுதான் தோன்றியது.

"அவங்க வந்துட்டுப் போகட்டும். திங்கக்கெழமயே நானே கூட்டியாறேன். சத்தியமா."

"அதுவரைக்கும் பிள்ளைய யாரு பாக்குறது?"

"நீங்கதான். வேற யாரு?"

"அதான் சுதா பயமா இருக்கு."

பஸ் வந்தது. "மஸ்கெலியா, மஸ்கெலியா, ஏறுங்க ஏறுங்க" என்று கண்டக்டர் கத்தினான். சுதர்ஷினி முதலில் ஏறி, ஜன்னலோரம் பையை வைத்து அண்ணிக்கு இடம் பிடித்தாள். திரும்பிப் பார்த்தபோது நாகலெட்சுமி ரோட்டிலேயே நின்றிருந்தாள்.

"அண்ணி! ஏறுங்க!"

பஸ் நகர்ந்தது. ஜன்னலில் அந்தக் குரல் இன்னொரு தடவை கேட்டது, பிறகு ஹாரன்தான் கேட்டது. நாகலெட்சுமி ஆஸ்பத்திரி வாசலுக்குள் திரும்பி நடந்தாள்.

கடைசிக் கட்டிடத்தின் வாசலில் சிப்பந்தி ஒருவன் சிங்களத்தில் என்னவோ கேட்டான். அவள் கை தன்னால் நெஞ்சுக்குப் போயிற்று. அங்கே கையை வைத்தால் மறுபடி வயர் ஒட்டத்தான் அனுப்புவான். கையைக் கீழே இறக்கினாள்.

"ஹித."

அவன் மிச்சத்துக்காகக் காத்திருந்தான். அவளிடம் மிச்சம் இல்லை. உள்ளே பெஞ்சில் இருந்த யாரோ ஒருத்தி, நிமிர்ந்து பார்க்காமலே, பக்கத்தில் விரித்திருந்த ஈரக்குடையை எடுத்துத் தரையில் வைத்து அவளுக்கு இடம் விட்டாள். குடை இருந்த இடத்தில் தண்ணீர் வட்டமாகத் தேங்கி நின்றது.