ஹை கியர் ஏறாத லாரி

வழியெல்லாம் நத்தையாக ஊர்ந்து வந்த லாரி மத்தியானம் பட்டறைக்குள் நுழைந்தது. இறங்கிய டிரைவரின் முகம் தொங்கிப் போயிருந்தது.

"ஹை கியர் விழவே மாட்டேங்குது. கியர் கம்பியில இருக்கிற ஸ்விட்சைத் தூக்கினா காத்துதான் புஸ்ஸுனு போகுது."

"உங்கள மாதிரிதான். சத்தம் மட்டும்" என்றாள் மெக்கானிக். அவள் அவன் பெண்டாட்டி.

அந்த கியரை மாற்றுவது காற்றழுத்தம்தான். லாரியின் காற்று டேங்க் நிறைந்ததும் இன்ஜினை அணைக்கச் சொன்னாள். மூலையில் வேலையாக இருந்த வெல்டர் கிரைண்டரை நிறுத்தினார். பட்டறை கப்சிப். அவள் லாரிக்கு அடியில் மல்லாந்து கண்ணை மூடினாள். அவனும் பக்கத்தில் வந்து படுத்தான்.

"தூங்கப் போறியா?"

"வாயை மூடுங்களேன். கேக்கணும்."

மெல்லக் கேட்டது. யாரோ அயர்ந்து தூங்கும் மூச்சைப்போல ஒரு சீறல். கேட்கக் கேட்க அவளுக்கே கண் சொருகியது. தலைக்குமேல் இரும்பு இல்லை, பெரிய மிருகம் ஒன்று படுத்திருக்கிறது என்று தோன்றியது. சட்டென்று விழித்து, குழாய் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவினாள். வானவில் பூசிய குமிழ் ஒன்று ஊதிப் பெருத்து உடைந்தது.

குழாயை மாற்றியும் சீறல் முழுதாக நிற்கவில்லை. கியர் பெட்டி வால்வில் காற்று வெளியேறும் துளையில் விரல் வைத்தாள். காற்று விரலை முட்டியது.

"உள்ளே பிஸ்டனோட ரப்பர் ரிங்கும் போச்சு."

டேங்கின் காற்றை இறக்கிவிட்டு, கியர் பெட்டியில் அந்த பிஸ்டன் இருக்கும் சிலிண்டரின் மூடியைக் கழற்றினாள். ரப்பர் வளையம் நகக்கீறல்போல வெட்டுப்பட்டிருந்தது. புதியதற்கு கிரீஸ் தடவிப் பதித்தாள். மறுபடி காற்றேற்றிக் காது கொடுத்தபோது நிசப்தம்.

"நீயும் ஏறு. ஓட்டிப் பாத்துடலாம்" என்றான்.

எத்தனையோ லாரிகளைப் பிரித்துப் போட்டவள், ஒன்றில்கூடச் சாலைக்குப் போனதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

அவன் ஸ்விட்சைத் தூக்கி ஆக்சிலேட்டரைத் தளர்த்தினான். டக்கென்று விழுந்தது ஹை கியர். இன்ஜினின் கத்தல் அடங்கி, சாலை தண்ணீராக அடியில் நழுவியது. வெறும் பல்சக்கரமாகவே பார்த்துப் பழகியது இப்படி மிதக்க வைக்குமா? அவளுக்குச் சிரிப்பு வந்தது.

திரும்ப வேண்டிய முச்சந்தி வந்தது. அவன் வேகத்தைக் குறைத்தான்.

"நேரா போங்க."

வெல்டர் போனில் கூப்பிட்டார். "என்னம்மா, சரியாச்சா?"

"இன்னும் பாத்துட்டே இருக்கோம்ண்ணே" என்றாள். வெளியே மரங்கள் சீராகப் பின்னுக்குப் போயின. அவன் நேராகவே ஓட்டினான். அவள் ஜன்னலில் தலை சாய்த்து நிஜமாகவே தூங்கிப்போனாள்.