வாசலில் இறக்கிவிட்ட கெஸ்ட்

பொகவந்தலாவையிலிருந்து புறப்பட்ட கார் நோர்வுட்டைத் தாண்டும் முன்பே சுலக்ஷனா ரொட்டிப் பார்சலைப் பிரித்துவிட்டாள். பசி ஒன்றும் இல்லை. கையும் காலும் சும்மா இருக்கமாட்டேன் என்றன, அவ்வளவுதான்.

கல்யாணமானதிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த பயணம் இது. கணவன் கிஷாந்த் கொழும்புக் கம்பெனி ஒன்றுக்குச் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு அவன் போகாத ஹோட்டல் மலைநாட்டில் இல்லை. வீடு திரும்பியதும் அவள் பிடித்துக்கொள்வாள்: மெத்தை எப்படி, குளிக்கிற இடம் எப்படி, ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும்? அவனும் அளந்துவிடுவான். ஒருநாள் வசமாக மாட்டிக்கொண்டான். எந்த ஹோட்டலிலும் எந்த அறைக்குள்ளும் அவன் கால் வைத்ததே இல்லையாம். கெஸ்டை முன்வாசலில் இறக்கிவிட்டு, வேனைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, டிரைவர்மாருக்கென்று ஒதுக்கிய அறையில் சாப்பிட்டுப் படுப்பதுதான் வழக்கமாம்.

அன்றைக்கே அவள் சொல்லிவிட்டாள். சொந்தக் கார் வந்தால் முதல் பயணம் ஹோட்டலுக்குத்தான். இரண்டு பேரும் சேர்ந்து முன்வாசலால் நுழைய வேண்டும். போன மாதம் ஒரு பழைய சின்னக் கார் வந்தது. நுவரெலியாவில் ஓர் இரவு, பண்டாரவளையில் ஓர் இரவு என்று அவளே போன் பண்ணித் தன் பெயரில் அறை போட்டாள்.

ஹட்டன் டவுன் நெரிசலில் ஊர்ந்து, தலவாக்கலைப் பக்கம் அருவி தெரிகிற வளைவுக்கு வந்ததும் கார் தானாக ஓரங்கட்டி நின்றது. கிஷாந்த் இறங்கி, சுற்றிவந்து, அவள் பக்கக் கதவைத் திறந்துவிட்டு, அருவியைப் பற்றி ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டான். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அடுத்து தேயிலக் கொழுந்து எப்பிடி எடுக்கிறதுன்னு சொல்லுவீங்களோ? அத நான் எங்கம்மாகிட்டயே கேட்டுக்கிறேன்."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு வண்டியில் ஏறினான். அவனுடைய போனிலேயே அவள் அருவியைப் படம் பிடித்தாள், மாட்டைப் படம் பிடித்தாள், அவன் காதைக்கூடப் படம் பிடித்தாள். நானுஓயாவுக்கு மேலே மூடுபனி காருக்குள் புகுந்தபோது கண்ணாடியை ஏற்றவிடவில்லை.

நுவரெலியா ஹோட்டல் கேட்டில் செக்யூரிட்டிக்காரர் கிஷாந்தின் முகத்தைப் பார்த்ததும் கையசைத்து உள்ளே விட்டார். போர்ட்டிகோவில் கார் நின்றது. கிஷாந்த் குதித்திறங்கி அவள் கதவைத் திறந்தான், இரண்டு பைகளையும் படியில் வைத்தான், திரும்ப ஏறினான், போய்விட்டான்.

நிறுத்திவிட்டு வருவான் என்று அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். இஞ்சித் தேநீர் வந்தது. குடித்து முடித்தாள். அவனுக்கு வைத்த கோப்பை ஆறியது. ரிசப்ஷனில் இருந்த பெண் வந்து, மேடம் மட்டும்தானா என்று மெதுவாக விசாரித்தாள். போனாவது போடலாமென்றால் அவன் போன் சுலக்ஷனாவின் பையில் கிடந்தது. அவன் இல்லாமல் அந்த அறைக்குப் போவதென்றால், இவ்வளவு தூரம் எதற்கு வந்தாள்?

எழுந்து, சமையல் நடக்கிற குசினிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள்.

டிரைவர் அறையில் நீளப் பெஞ்சு. பருப்பு வாசம். நாலைந்து பேருக்கு நடுவில் கிஷாந்த் காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, மடியில் சோற்றுத் தட்டோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். வாசலில் அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது. கவளம் பாதி வழியில் நின்றது.

கூட்டத்தில் மூத்தவரான முத்துலிங்கம் அவனைத் தட்டினார். "எழும்புடா, ஒன் கெஸ்ட் வந்து நிக்கிறாங்க."

"நான் டிரைவரத் தேடி வரலண்ணே," என்றாள் சுலக்ஷனா. "எங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

சிரிப்பில் பெஞ்சே குலுங்கியது. பொண்டாட்டியையே வாசலில் இறக்கிவிட்டு வந்தவனை அவர்கள் ஓட்டித் தள்ளினார்கள். கிஷாந்த் மட்டும் சிரிக்கவில்லை.

"பழக்கத்துல வந்துட்டேன்," என்றான் தரையைப் பார்த்து. "வந்தப்புறம், இவங்க எல்லாம் இங்க இருக்கையில நான் மட்டும் மேல போறேன்னு எப்பிடிச் சொல்றது?"

முத்துலிங்கம் அவன் மடியிலிருந்த தட்டை எடுத்துக்கொண்டார். "போய் அந்த மெத்த எப்பிடி இருக்குன்னு பாத்துச் சொல்லு. இங்க ஒருத்தனும் பாத்ததில்ல."

அவன் கை கழுவி, சப்பாத்தை மாட்டிக்கொண்டதும் இருவரும் முன்பக்கம் சுற்றிவந்தார்கள். படியில் அவன் கொஞ்சம் தயங்கியபோது அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மாடியில், அறைக் கதவுக்கு வெளியே சப்பாத்தையும் செருப்பையும் சுவரோரமாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். அதற்குப் பிறகு கிஷாந்தைப் பிடிக்க முடியவில்லை. குழாயைத் திறந்தான், அலுமாரியைத் திறந்தான், சுடுதண்ணீர் வருகிறது என்று கத்தினான், கடைசியில் மெத்தை மேலேயே ஏறி நின்றுவிட்டான்.

சுலக்ஷனா திரையை விலக்கினாள். ஏரி தெரியுமென்று நினைத்திருந்தாள். தெரிந்ததோ பின்முற்றம், அவர்களுடைய சின்னக் கார், டிரைவர் அறையின் தகரக்கூரை. கீழே அத்தனை பேரும் வெளியே வந்து நின்று, ஒவ்வொரு ஜன்னலாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிஷாந்த் மெத்தையிலிருந்து பாய்ந்துவந்து ஜன்னலைத் திறந்தான். அவன் விழுந்துவிடாமல் அவனுடைய சட்டையை அவள் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே," என்று கூப்பிட்டான், "கணுக்கால் வரைக்கும் பொதையுது!"