போகி சைக்கிள்

கும்முடிப்பூண்டியில எங்க லைன் ஊட்டு ஜனங்க போகிக்கு வேண்டாத சாமான எடுத்த எடுப்புல கொளுத்தமாட்டோம். விடியறதுக்கு முன்ன வாசல்ல வச்சிட்டு கதவ சாத்திக்குவோம். யாருக்கு இன்னா வேணுமோ எடுத்துக்கினு போவலாம். காசு கெடையாது, கேக்கவும் வேணாம். வச்சவங்க எட்டிப் பாக்கக்கூடாது, எடுக்கறவங்களுக்குக் கூச்சமா இருக்கும் இல்ல, அதுக்குத்தான். அப்புறம் பசங்க மேளம் அடிச்சிக்கினு வந்து மிச்சத்த வாரிக்கினு போயி மைதானத்துல கொளுத்துவாங்க. நெருப்பு தொட்டுட்டா அது யாருக்கும் கெடையாது. இந்த ஏற்பாட்ட ஆரம்பிச்சது எதிர் ஊட்டு விக்டோரியாக்கா. அது வேதக்கார பொம்பள, சர்ச்சுக்குப் போவும், போகி கொண்டாடாது. நல்ல மொறத்தப் போயி கொளுத்தறீங்களேன்னு ஒரு வருஷம் அது போட்ட சத்தத்துல லைனே அடங்கிப் போச்சி.

என் பேரு முத்தம்மா. எங்க ஊட்டுக்காரரு தேசப்பனுக்கு புதுசா வந்த இரும்பு பேக்டரியில வேல. டெம்பரரி. பொங்கலுக்கு அப்புறம் பர்மனெண்ட் பண்றதா பேச்சு. பேக்டரி நல்ல தூரம், பஸ்ஸும் கெடையாது, மனுஷன் நடந்தே போவாரு. மழயில வழியெல்லாம் சேறாயி ரெண்டு தடவ லேட்டு. இன்னொரு தடவ லேட்டானா பேர அடிச்சிடுவேன்னு மேஸ்திரி கறாரா சொல்லிட்டான். எனக்கு அன்னிக்கிலேர்ந்து சோறு எறங்கல.

"ஒரு பழய சைக்கிளாவது பாருய்யா"ன்னா, "நடந்தா ஒடம்புக்கு நல்லது"ன்னுவாரு. வேலயே போவப் போவுது, இவருக்கு ஒடம்பு. கோவம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க. எங்க நைனாவோட சைக்கிள சோழவரம் ஏரிக்கரயில தள்ளிக்கினு போயி குரங்கு பெடல் போட்ட பொண்ணு நான். சைக்கிளோட அரும எனக்குத் தெரியும்.

போகிக்கு மொதநாள் எங்க லைன் கோடியில இருக்கற கோதைநாயகி மாமி ஊட்டுக்கு வெள்ளையடிக்க ஒத்தாசைக்குப் போனேன். திருவள்ளூர்க்காரங்க, அவங்க ஊட்டுக்காரரு பேக்டரி ஆபீஸ்ல கணக்கு எழுதறாரு. மாமி சொன்னாங்க: "மாமாவுக்கு ஸ்கூட்டர் வந்துடுத்து. அந்தப் பழைய சைக்கிளை நாளைக்கு வாசல்ல வைக்கப் போறேன். இப்பவே தாங்கோன்னு கேக்காதே, வழக்கத்தை மீறினா விக்டோரியா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா. நீ முந்திண்டு வந்துடு."

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ராத்திரி பூரா கண்ண மூடினா சைக்கிள் மணி அடிக்கற சத்தம்தான் கேக்குது. ஊட்டுக்காரர்கிட்ட மூச்சு விடல. காலையில கண்ணு முன்னால நிறுத்தி அசத்தணும்னு ஆச.

விடிகாலையில எழுந்து மொத வேலயா அவரோட டயர் செருப்ப எடுத்து வாசல்ல வச்சேன். சைக்கிள்ல போற மனுஷனுக்கு தேஞ்ச செருப்பு எதுக்கு? வச்ச கையோட மாமி ஊட்டுக்கு ஓடினேன்.

சைக்கிள் செவுத்துல சாஞ்சிக்கினு இருந்துது. ஹேண்டில் இருக்கு, சீட்டு இருக்கு, கேரியர் இருக்கு. ரெண்டு சக்கரத்துலயும் டயர் மட்டும் இல்ல. டியூப் தொளதொளன்னு தொங்குது. எனக்குப் புரிஞ்சிபோச்சி. போகி பசங்களுக்கு டயர்னா உசுரு, நல்லா எரியும் பாருங்க. எனக்கு முன்ன வந்து உரிச்சிக்கினு பூட்டானுங்க. மைதானத்துப் பக்கம் மேளச் சத்தம் கேட்டுது.

பொடவய இழுத்து சொருவிக்கினு ஓடினேன் பாருங்க, அப்பிடி ஓடினதே இல்ல. பாய், தொடப்பம், ஒடஞ்ச கூடை எல்லாம் மலயாட்டம் குமிச்சி ஒரு பக்கம் கொளுத்திட்டானுங்க. ஒரு டயர் எட்டத்துல கெடந்துது, அத்த கைப்பத்திட்டேன். இன்னொண்ணு நெருப்பு ஓரத்துல. குச்சிய உட்டு இழுத்துப் போட்டேன். பசங்க சுத்திக்கினாங்க.

"யக்கா, அத்த நெருப்பு தொட்டுட்டுச்சி. உனுக்குக் கெடையாது."

"எங்கடா தொட்டுச்சி, காட்டு."

சண்ட முத்திப்போயி விக்டோரியாக்காவ கூப்டாங்க. அக்கா வந்துது. டயர வாங்கி ஒரு சுத்து தடவிப் பாத்துது. மூக்குகிட்ட வச்சி மோந்துது.

"பொகை வாசனதான் அடிக்குது. ரப்பர் கருகின வாசன இல்ல. முத்தம்மாவுது"ன்னு சொல்லிச்சி. அக்கா சொன்னா அப்பீல் கெடையாது. எனக்கு அங்கியே ஆடணும்போல இருந்துது.

அக்காவோட அப்பாவுக்கு பொன்னேரியில சைக்கிள் கடை இருந்துது. அதனால டயர் மாட்ட, பஞ்சர் ஒட்ட எல்லாம் அதுக்கு அத்துப்படி. ஓட்ட மட்டும் தெரியாது, ஒடம்பு கொஞ்சம் பெருசு. சைக்கிள உருட்டிக்கினு வந்து எங்க ஊட்டு வாசல்லியே கடையப் போட்டுது. அப்பதான் ஊட்டுக்காரரு வெறுங்காலோட வெளிய வந்தாரு.

"என் செருப்பு எங்க?"

"யாரோ எடுத்துக்கினு பூட்டாங்க. நல்லா இருக்கட்டும்."

"இன்னாடி சொல்ற? நான் கெளம்பணும்."

"ஒக்காருய்யா. இன்னிலேர்ந்து நீ சைக்கிள்ல போற ஆளு."

அவரு சைக்கிளப் பாத்தாரு. மூஞ்சி வெளுத்துப்போச்சி. சந்தோஷத்துல பேச்சு வரலன்னு நெனச்சிக்கினேன்.

டியூப்ல ஒரு ஓட்ட. அத்த ஒட்டறதுக்குள்ள செயின் சிக்கிக்கிச்சி. அடுப்பங்கரயில இருந்த நல்லெண்ணெய கொண்டாந்து ஊத்தினேன். லைன் ஆம்பளைங்க ஒவ்வொருத்தரா ஷிப்டுக்குக் கெளம்பிப் பூட்டாங்க, மாமியோட ஊட்டுக்காரரும் ஸ்கூட்டர்ல பூட்டாரு. இவரு எழுந்துக்கறாரு, ஒக்கார்றாரு. "நான் நடந்தே போறேன் முத்தம்மா"ன்றாரு. "சும்மா இருய்யா"ன்னு அதட்டினேன். கடைசியில சக்கரம் ரெண்டும் கிர்ருனு சுத்திச்சி. அக்கா கையத் தொடச்சிக்கினே, "ஏறு தேசப்பா, பேக்டரி சங்கு ஊதறதுக்குள்ள பூடலாம்"ன்னுது.

அவரு ஏறல. தரயப் பாத்துக்கினே சொன்னாரு: "எனுக்கு ஓட்டத் தெரியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "இத்தினி நாளா வாயில இன்னா வச்சிருந்த?"

"நீ ஏரிக்கரயில ஓட்டினத பெருமயா சொல்லுவ. பொண்டாட்டிக்குத் தெரிஞ்சது எனுக்குத் தெரியலன்னு எப்பிடி சொல்றது?"

கோவம் போயி பயம் புடிச்சிக்கிச்சி. இனிமே நடந்தா நேரத்துக்குப் போவ முடியாது. காலுல செருப்பு கூட இல்ல. அதுவும் என் கைங்கரியம். வேல போச்சின்னா என்னாலதான் போச்சி. லைன்ல ஓட்டத் தெரிஞ்ச ஒரு ஆளு மிச்சம் இல்ல, என்னத் தவிர.

நடவுக்கு எறங்கற மாதிரி பொடவய வாரிக் கட்டினேன். ஹேண்டிலப் புடிச்சேன். "பின்னால ஒக்காரு"ன்னேன்.

"ஊரு சிரிக்கும் முத்தம்மா."

"சிரிக்கட்டும். பேர அடிச்சா ஊரா சோறு போடும்?"

ஒக்காந்தாரு. விக்டோரியாக்கா பின்னால தள்ளி உட்டுது. மொதல்ல தடுமாறி, மாமி ஊட்டு செவுத்துல இடிக்கப் பாத்தேன். மாமி கதவு சாத்தியே இருந்துது, ஆனா ஜன்னல்ல ரெண்டு கண்ணு தெரிஞ்சிது. அப்புறம் காலு தானா பழகிக்கிச்சி. மேடு வந்தா எழுந்து நின்னு மிதிச்சேன். ரயில்வே கேட் மூடறதுக்கு மணி அடிக்குது, நானும் மணி அடிக்கறேன், கேட்டுக்காரன் வாயப் பொளந்துக்கினு நின்னான். தாண்டிட்டோம். அந்தாண்ட ரோட்டுல ஒரு ஆளு எங்க ஊட்டுக்காரரு செருப்ப மாட்டிக்கினு நடந்து போனான். நாங்க ரெண்டு பேரும் மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்கினோம்.

பேக்டரி வாசல்ல போயி நிறுத்தினப்பதான் சங்கு ஊத ஆரம்பிச்சிது. அங்க நின்ன ஆளுங்க எல்லாம் சிரிச்சாங்க. மேஸ்திரி என்னப் பாத்தான், இவரப் பாத்தான், கைய உள்ள காட்டினான். இவரு எறங்கி, வெறுங்காலோட ரெண்டடி போயி திரும்பி வந்தாரு. எல்லாரும் பாத்துக்கினு இருக்கறப்பவே, சத்தமா கேட்டாரு.

"சாயங்காலம் வந்து இட்டுக்கினு போவியா?"

"வர்றேன். திரும்பி போறப்ப நீதான் ஓட்டற, நான் பின்னால புடிச்சிக்கிறேன்"ன்னேன். தலய ஆட்டிட்டு உள்ள போனாரு.